களிமண் ஏட்டில் இல்லாதவை

கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் நாலு பிழை காட்டியதற்காக ஒருவன் ஒரே மாலைப்பொழுதில் மார்க்கத்துக்கும் மொழிக்கும் துரோகியாகிவிட முடியுமா? முடியும். எங்களூர் இலக்கிய வட்டக் கூட்டத்தில் அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்தது. அஸருக்குப் பின்னர் தொடங்கிய கூட்டம் மஃரிபு பாங்குக்குக் கலைந்தபோது இரண்டு பட்டங்களையும் சுமந்துகொண்டுதான் வீடு திரும்பினேன். அன்று சொல்லி முடிக்க விடாததை இங்கே எழுதுகிறேன்.

சங்கதி சிறியது. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி புராதன நாகரிகங்கள் பற்றிய ஒப்படைக்காகப் பாடசாலை நூலகத்திலுள்ள தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து சுமேரியத் தொன்மங்கள் பற்றிய கட்டுரையை வரிவரியாகப் பிரதிபண்ணிக்கொண்டு வந்திருந்தாள். எந்தக் களஞ்சியம் என்று சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவையெல்லாம் தப்பித்துக்கொள்ளும். நல்ல தமிழ், தடங்கலின்றி ஓடும் நடை. அதில் நான் சுமேரியரைத் தேடினேன்; கண்டது பெரும்பாலும் பாபிலோனியரை. சில இடங்களில் அவர்களுமில்லை. எவரோ ஒருவருடைய ஊகம் ஏட்டுச் செய்தியாக வேஷங்கட்டி நின்றது. ஆகவே கட்டுரையைப் பிழை பார்த்துத் திருத்தி எழுதினேன். ஒரு பிரதியைத் தொகுப்பாளர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டு மறு பிரதியை வட்டத்தில் வாசித்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

முதற் பந்தியிலேயே பிழை தொடங்குகிறது. ஆதியில் அப்சு என்ற நன்னீரும் தியாமத் என்ற உவர்நீரும் கலந்திருந்தனவாம். மர்தூக் தியாமத்தைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, வானத்தையும் பூமியையும் படைத்தானாம். இதுவே சுமேரியரின் படைப்புக் கதையாம். இது 'எனூமா எலிஷ்' என்ற ஏழு ஏட்டுக் காவியம். அக்காதிய மொழியில், பாபிலோன் நகரத்துத் தெய்வமான மர்தூக்கை எல்லாத் தெய்வங்களுக்கும் மேலே உயர்த்துவதற்காகப் பாடப்பட்டது. கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் பிற்பகுதிக்கு உரியது என்பது ஆய்வாளர் பலரது கருத்து. சுமேரியமோ கி.மு. 2000 அளவிலேயே வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்து, பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் மட்டும் வாழ்ந்த மொழி. பேரனுடைய சட்டையைப் பாட்டனுக்குப் போட்டுவிட்டுப் பாட்டன் இப்படித்தான் உடுத்தார் என்று சொல்வது போன்றது இது.

அப்படியானால் சுமேரியரின் படைப்புக் கதை எது? ஒரே கதை என்று ஒன்றில்லை. கட்டுரையாளருக்குச் சங்கடம் தந்திருக்கக்கூடிய உண்மை அதுதான். மண்வெட்டியைப் புகழும் ஒரு பாடலில் என்லில் வானத்தையும் பூமியையும் பிரிக்கிறான். மண்வெட்டியால் நிலத்தைத் திறக்க மனிதர் பயிர்போல முளைத்து வருகின்றனர். 'என்கியும் நின்மாஹும்' என்ற வேறொரு கதையில் தெய்வங்கள் கூலி வேலை செய்து களைத்து முறையிடுகின்றன. அவர்களது சுமையை இறக்க அப்சுவின் மேலுள்ள களிமண்ணிலிருந்து மனிதன் உருவாக்கப்படுகிறான். பின்னர் நடக்கும் விருந்தில் பியர் மயக்கத்தில் ஒரு போட்டி. நின்மாஹ் குறையுள்ள மனிதர்களைச் செய்து காட்ட, என்கி ஒவ்வொருவருக்கும் ஒரு பிழைப்பை விதிக்கிறான். கண்பார்வை இல்லாதவனுக்கு இசையைக் கொடுத்து அரசனின் சமுகத்தில் இருத்துகிறான். நாலாயிரம் வருடங்களுக்கு முன்னர், மாற்றுத்திறனாளிக்கு உலகில் என்ன இடம் என்று ஒரு சமூகம் யோசித்திருக்கிறது. இலக்கியம் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? களஞ்சியத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மர்தூக்கின் வாள்வீச்சுக்கு இடம் இருந்திருக்கிறது.

அடுத்தது பிரளயம். மனிதர்களின் இரைச்சலால் தூக்கம் கெட்ட தெய்வங்கள் வெள்ளத்தை அனுப்பின. உத்னபிஷ்தீம் கப்பல் கட்டினான். கப்பல் மலையில் தட்டியது. புறாவும் தகைவிலானும் காகமும் விடப்பட்டன. 'சுமேரியப் பிரளயக் கதை' என்ற உபதலைப்பின் கீழ் இத்தனையும் இருக்கின்றன. பறவைகளும் மலையும் உத்னபிஷ்தீமும் கில்காமெஷ் காவியத்தின் பதினொராவது ஏட்டுக்குரியவை. நினிவேயில் கிடைத்து, பிரித்தானிய நூதனசாலையில் ஜோர்ஜ் ஸ்மித் வாசித்து 1872 இல் உலகுக்கு அறிவித்த அக்காதிய ஏடு அது. இரைச்சல் 'அத்ரஹாஸிஸ்' என்ற மற்றுமொரு அக்காதியக் கவிதைக்குரியது. சுமேரிய மொழியிலுள்ள பிரளயக் கதையை நாம் அறிவது பிரதானமாக நிப்பூரில் கிடைத்த ஒரேயொரு ஏட்டிலிருந்து. அதை ஆர்னோ போபல் 1914 இல் வெளியிட்டார். ஏட்டில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மாத்திரமே. எரிது முதல் ஷுருப்பக் வரை வெள்ளத்துக்கு முந்திய ஐந்து நகரங்கள், ஸியுசுத்ரா என்ற அரசன், சுவரோரம் நின்று அவன் கேட்கும் எச்சரிக்கை, ஏழு பகலும் ஏழு இரவும் வெள்ளம், பின்னர் சூரியத் தெய்வம் உதூ வெளிப்படுதல், ஸியுசுத்ரா பலியிடுதல், ஈற்றில் அவன் தில்முனில் குடியமர்த்தப்படுதல். எங்களுக்குக் கிடைப்பது இவ்வளவே. தெய்வங்கள் ஏன் வெள்ளத்தை அனுப்பின என்ற காரணம் இருக்கவேண்டிய இடத்தில் ஏடு உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தை உடைந்தது என்று எழுதக் கட்டுரையாளருக்கு மனமில்லை. அடுத்த வீட்டிலிருந்து ஓடு எடுத்து வேய்ந்துவிட்டார்.

இப்படி வேய்வதால் என்ன கெட்டுவிட்டது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இனன்னா பாதாளத்துக்கு இறங்கிய கதையை அதற்குப் பதிலாகச் சொல்ல முனைந்தேன், விடவில்லை. இப்போது சொல்கிறேன். களஞ்சியம் எழுதுகிறது: இனன்னா தன் காதலன் தம்மூஸை மீட்பதற்காகப் பாதாளம் சென்றாள். நெஞ்சை உருக்கும் கதைதான். ஆனால் சுமேரிய ஏடு அப்படிச் சொல்லவில்லை. பாதாளத்தின் அரசியான தமக்கை எரெஷ்கிகலின் ஆட்சிப் பரப்புக்குள் இனன்னா தானாகவே நுழைகிறாள். ஏழு வாசல்களிலும் ஒவ்வொரு அணியாகக் கழற்றப்பட்டு, நிர்வாணமாகி, கொல்லப்பட்டு, ஒரு கொளுக்கியில் தொங்கவிடப்படுகிறாள். என்கி தன் நக இடுக்கு அழுக்கிலிருந்து இரண்டு பிறவிகளைச் செய்து அனுப்பி அவளை உயிர்ப்பிக்கிறான். ஆனால் பாதாளத்திலிருந்து எவரும் சும்மா வெளியேற முடியாது. பதிலுக்கு ஓர் ஆள் வேண்டும். தனக்காகத் துக்கம் அனுஷ்டித்துப் புழுதியில் கிடக்கும் பணியாட்களை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தன் கணவன் துமுஸியின் இருப்பிடத்துக்கு வருகிறாள். அவனோ பகட்டான ஆடையுடன் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். அவனைச் சுட்டி, இவனைக் கொண்டுபோங்கள் என்று அவளே பேய்களிடம் ஒப்படைக்கிறாள். பிறகு அவனுடைய சகோதரி கெஷ்தினன்னா பாதி வருடத்தைத் தான் ஏற்றுக்கொள்கிறாள்.

மீட்கப் போனவளும் காட்டிக்கொடுத்தவளும் ஒருத்தியா? இதில் எங்களுக்கு ஒரு பாடமிருக்கிறது. இந்த ஏடுகளை வாசிப்பதில் ஆயுளைச் செலவிட்ட சாமுவேல் நோவா கிறேமர் கூட, கதையின் இறுதிப் பகுதி கைக்கு வராத காலத்தில், அவள் துமுஸியை மீட்கவே போயிருப்பாள் என்ற பழைய கருத்துடன்தான் இருந்தார். யேல் பல்கலைக்கழகத்திலிருந்த ஓர் ஏடு கதையின் தொடர்ச்சியைக் காட்டியதும், 1951 இல், முன்னைய கருத்தைத் தாமே திருத்தி எழுதினார். அவருக்கு அதில் வெட்கமிருக்கவில்லை. அவர் கைவிட்ட கருத்தை எங்கள் களஞ்சியம் இன்னும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

கில்காமெஷ் பற்றியும் ஒரு வார்த்தை. சுமேரிய மொழியில் அவனைப் பற்றி இருப்பவை ஐந்து தனித்தனிக் கவிதைகள். அவற்றில் என்கிது பெரும்பாலும் அவனுடைய பணியாள். உயிர்த்தோழனாக வளர்ந்தது அக்காதியக் காவியத்தில். களஞ்சியம் இரண்டையும் ஒன்றாக்கிச் 'சுமேரியரின் மகாகாவியம்' என்கிறது.

எல்லை எப்போதும் இவ்வளவு சுத்தமானது என்று நான் வாதிடவில்லை. ஊர் நகரத்து நன்னா கோயிலின் தலைமைப் பூசாரியாக இருந்த என்ஹெதுவன்னா அக்காதிய மன்னன் சர்கோனின் மகள். அவளது பெயரில் வழங்கும் பாடல்களோ சுமேரியத்தில். உலகில் பெயர் தெரிந்த முதல் படைப்பாளி என்று அவளைச் சொல்வதுண்டு. பாடல்கள் அவளுடையவைதாமா என்ற சர்ச்சையும் உண்டு. இப்படிக் கலந்துகிடக்கும் இடத்தில் கலந்துகிடக்கிறது என்றே எழுதலாம். களஞ்சியத்தில் அவளது பெயரே இல்லை.

எங்களைப் போன்ற வாத்திமாருக்கு நெருக்கமான இன்னொன்றும் அக்கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. இந்தக் கதைகள் எப்படித் தப்பின என்ற விபரம். இவை அரசனின் பொன்னேட்டில் வந்தவையல்ல. பெரும்பாலானவை கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டளவில், சுமேரியம் தாய்மொழியாக இல்லாத பையன்கள், எடுப்பா எனப்பட்ட பள்ளிக்கூடங்களில் பார்த்தெழுதிய பயிற்சிகள். நிப்பூரில் 1951-52 இல் தோண்டப்பட்ட ஒரு சிறு வீட்டில் மட்டும் 1,400 க்கும் மேற்பட்ட ஏட்டுத் துண்டுகள் கிடைத்தன. எழுதியதை நனைத்துப் பிசைந்து மறுபடி ஏடாக்குவதற்கு ஒரு தொட்டிகூட அங்கே இருந்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடங்களைப் பற்றியே ஒரு கதை உண்டு. நாள் முழுக்கப் பிரம்படி வாங்கிய பையன் தகப்பனிடம் சொல்லி ஆசிரியரை வீட்டுக்கு அழைக்கிறான். விருந்தும் புது உடுப்பும் மோதிரமும் கிடைத்தவுடன் ஆசிரியருக்குப் பையனின் கையெழுத்து அழகாகிவிடுகிறது. (எங்கள் கலாசாலையில் கல்வி உளவியல் விரிவுரையில் இதைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்கமாட்டேன்.)

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். மதிப்புக்குரிய மௌலவி நண்பரின் கோபம் நியாயமான ஓரிடத்திலிருந்துதான் எழுந்தது. களஞ்சியக் கட்டுரையின் கடைசிப் பந்தியில், ஊர் நகரத்துச் சந்திரத் தெய்வத்தின் வழிபாடே பின்னர் அரேபியாவில் 'அல்லாஹ்' என்ற பெயரில் தொடர்ந்ததாக ஆய்வாளர் சிலர் கருதுவர் என்று ஒரு வசனம் இருக்கிறது. அதை நான் வாசித்ததும் அவர் எழுந்து, அந்தத் தொகுதியை நாளைக்கே நூலகத்திலிருந்து அகற்ற வேண்டும், சிலை வணங்கிகளின் கதையைத் திருத்துவதும் அதற்குத் துணைபோவதே என்றார். வசனம் பொய் என்பதில் எங்களுக்குள் பேதமில்லை. பரிகாரத்தில்தான் பேதம்.

அந்தப் பொய்யை எதனால் உடைப்பது? சுமேரியம் தெரிந்தால் உடைக்கலாம். ஊரின் சந்திரத் தெய்வத்துக்குச் சுமேரியப் பெயர் நன்னா, சுயென், அக்காதியத்தில் சின். சுமேரியத்தில் தெய்வம் என்பதற்குரிய சொல் திங்கிர். அது செமித்திய மொழியே அல்ல. அரபியிலுள்ள இலாஹ் என்ற சொல்லுக்கு உறவு அக்காதியத்தின் இலு, ஹீப்ருவின் எலோவாஹ், அரமேயத்தின் அலாஹா என்பன. எல்லாமே இறைவன் என்ற பொதுப்பொருள் தருபவை. ஒன்றுகூடச் சந்திரனின் பெயரல்ல. இந்தக் கூற்றை 1990களில் பரவலாக்கியவர் றொபேட் மோரி என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரசாரகர். அவர் எழுதியவை கண்டன நூல்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஸுஜூது செய்வதைப் பெயர் குறித்தே தடுக்கும் அல்குர்ஆன் வசனத்தை (ஹாமீம் ஸஜ்தா, 37) நண்பருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இவ்வளவையும் அந்தப் பந்தியின் இடத்தில் எழுதினேன். தொகுதியை அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டால் அந்த மாணவி அதே வசனத்தைத் தன் கைத்தொலைபேசியில் வாசிப்பாள். மறுமொழி மாத்திரம் அவளுக்குக் கிடைக்காது.

சிலை வணக்கத்தைப் பற்றி எழுதுவது எங்கள் மரபில்லை என்றும் நண்பர் சொன்னார். மரபு வேறு விதமாகச் சொல்கிறது. ஜாஹிலிய்யாக் கால அரபிகளின் விக்கிரகங்களை ஒவ்வொன்றாகப் பெயர், இடம், கோத்திரம் குறித்துப் பதிந்தவர் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் கல்பி; நூலின் பெயரே 'கிதாபுல் அஸ்னாம்'. அல்பிரூனி 1030 அளவில் இந்தியர்களின் நம்பிக்கைகளை எழுதியபோது, இது தர்க்க நூலல்ல, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்வதுபோலவே தருகிறேன் என்ற நிலைப்பாட்டை முன்னுரையிலேயே எடுத்துக்கொண்டார். ஈமான் குறைந்தா அவர் அதைச் செய்தார்? இன்னும் பொருத்தமான உதாரணம் இருக்கிறது. பக்தாதில் 987 இல் எழுதப்பட்ட இப்னுந் நதீமின் 'பிஹ்ரிஸ்த்', ஹர்ரான் வாசிகளின் தம்மூஸ் மாதச் சடங்கைச் சொல்கிறது. தாவூஸ் என்ற தெய்வத்தை அவனது எசமானன் கொன்று எலும்புகளைத் திரிகையில் அரைத்துக் காற்றில் தூவினானாம். அதற்காகப் பெண்கள் ஒப்பாரி வைத்து, அந்நாட்களில் திரிகையில் அரைத்த எதையும் உண்ணமாட்டார்களாம். களஞ்சியம் கதையைத் தலைகீழாக்கிய அந்தத் துமுஸிதான் இந்தத் தாவூஸ். மூவாயிரம் வருடங்கள் கழித்து அவனுக்கான அழுகையைக் காதால் கேட்டது போலப் பதிந்துவைத்தவர் ஒரு முஸ்லிம். ஈராக்கிலும் ஷாமிலும் ஜூலை மாதத்தின் பெயர் இன்றும் தம்மூஸ்.

எங்கள் காலத்தில் எரிதுவை 1946 முதல் 1949 வரை தோண்டியவர்களில் புஆத் ஸபரும் முஹம்மத் அலி முஸ்தபாவும் ஈராக்கியர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய கோயில்களையும், நீர்த்தெய்வத்தின் சந்நிதியில் படைக்கப்பட்ட மீன்களின் முள்ளுகளையும் கண்டெடுத்தார்கள். கில்காமெஷை அரபியில் தந்தவர் தாஹா பாகிர். 2003 ஏப்ரலில் பக்தாத் நூதனசாலை சூறையாடப்பட்டு ஏறத்தாழ 15,000 பொருட்கள் களவுபோனபோது, இனன்னாவுக்குக் காணிக்கை கொண்டுசெல்லும் காட்சி செதுக்கிய வர்கா ஜாடியும் போயிற்று. அந்த ஜூனில் துண்டுகளாகத்தான் ஒரு காரின் பின்பெட்டியில் திரும்பி வந்தது. அப்போது நாங்களெல்லாம் ஜும்ஆவில் ஈராக்குக்காக துஆக் கேட்டோம். அந்தச் செய்திக்காகக் கண்ணீர் விட்டவர்களில் மௌலவி நண்பரும் ஒருவர். அந்த ஜாடியில் இருப்பது யார் என்று பிள்ளைகள் அறிவதைத்தான் இப்போது அவர் வேண்டாமென்கிறார்.

மறுபக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது. ஏடுகளைக் கண்டு பயப்படாமல் அவற்றைச் சாட்சிக்கூட்டில் ஏற்றுபவர்கள். நூஹ் நபியின் (அலை) வெள்ளத்தை ஊர் அகழாய்வு நிரூபித்துவிட்டது என்று ஓர் இளைஞர் கூட்டத்தில் முழங்கினார். லியோனார்ட் வூலி 1929 இல் அப்படி அறிவித்தது உண்மை. ஆனால் அவர் கண்ட வண்டற்படையும் ஷுருப்பக்கில் கண்ட படையும் ஒரே காலத்தவையல்ல; அயல் மேடுகளில் அது தொடரவுமில்லை. ஆற்று வெள்ளங்கள். எங்கள் நம்பிக்கைக்கு வூலியின் மண்படை முட்டுக்கொடுக்க வேண்டுமா? இப்ராஹீம் நபி (அலை) ஊரில் பிறந்ததாக அல்குர்ஆன் கூறுவதாகவும் அதே இளைஞர் சொன்னார். அல்குர்ஆனில் அந்த நகரத்தின் பெயரில்லை. அது பைபிளில் வருவது. உண்மையிலேயே சுவையான ஒரு தொடர்பு இருக்க அதை எவரும் சொல்லவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய பாபிலோனியப் பூசாரி பெரோஸஸ், ஸியுசுத்ராவின் பெயரையே ஸிஸுத்ரோஸ் என்று வைத்துக்கொண்டு, கப்பல் தங்கிய இடத்தைக் கோர்தியேய மலைகள் என்கிறார். ஜூதி மலை என்று இன்று காட்டப்படும் மலை அந்தத் திசையில்தான். அது எதையும் நிரூபிக்கவில்லை. ஒரு கதைமரபு எந்த நிலத்தில் உலாவியது என்று காட்டுகிறது. திருத்திய கட்டுரையில் அதற்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறேன்.

கவிஞர் நண்பரின் வழக்கு வேறு. சுமேரியர் தமிழரே என்ற பந்தியை நான் வெட்டிவிட்டேனாம். வெட்டவில்லை, குறுக்கினேன். எங்கள் நாட்டுப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965 இல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என்று நூலெழுதினார். ஆப்பெழுத்து ஆய்வுலகம் அதை ஏற்கவில்லை. சுமேரியத்துக்கு உறவுமொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. மூன்று வசனம் போதும். 'ஊர்' என்ற பெயரே சாட்சி என்றார் கவிஞர். நகரத்துக்குச் சுமேரியச் சொல் உரு என்று வாசிக்கப்பட்டது மெய்தான்; ஆனால் அந்த நகரத்தைச் சுமேரியர் அழைத்தது ஊரிம் என்று. ஒரு சொல்லின் ஒலி ஒத்துப்போவதால் இரண்டு மொழிகள் உறவாவதில்லை. ஒழுங்கான ஒலிமாற்றமும் இலக்கண ஒப்புமையும் காட்டவேண்டும். இலங்கை முஸ்லிம்கள் யார் என்பதை ஆளுக்கொரு விதமாய் எழுதியவர்களோடு நூறு வருடமாக மல்லுக்கட்டுகிறோம். அப்படியிருக்க, செத்துப்போன ஒரு சனத்தின் அடையாளத்தை அவர்களைக் கேளாமல் எழுதக் கவிஞருக்கு எப்படிக் கை வந்தது என்று தெரியவில்லை.

அனுன்னாக்கி என்போர் நிபிரு என்ற கிரகத்திலிருந்து வந்த விண்வெளி மனிதர் என்ற பந்தியை மட்டும் முழுதாக வெட்டினேன். சகாரியா சிச்சின் 1976 இல் ஆரம்பித்துவைத்தது அது. நிபிரு பாபிலோனிய வானியல் ஏடுகளில் மர்தூக்கின் நட்சத்திரம். சுமேரியத் தொன்மத்தில் அதற்கு வேலையில்லை.

தொகுப்பாளர்களிடமிருந்து அடுத்த பதிப்பில் கவனிக்கப்படும் என்று ஒரு தபாலட்டை வந்தது. அடுத்த பதிப்பு எப்போது என்று அதிலில்லை. ஆகையால் திருத்திய கட்டுரையைப் பன்னிரண்டு பக்கத்தில் நிழற்பிரதி செய்து, நூலகத்தில் அதே தொகுதிக்குள், அதே பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். அதிபர் அனுமதித்திருக்கிறார். ஒவ்வொரு கதைக்கும் எந்த மொழி, எந்த நகரத்து ஏடு, எங்கே உடைந்திருக்கிறது என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன். மௌலவி நண்பரும் கவிஞர் நண்பரும் எனக்கு மறுப்பு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆசிரியர் இடம் கொடுப்பார். எந்த ஏடு, எத்தனையாவது வரி என்று குறிப்பிட்டு எழுதினால் நானும் பதிலெழுதுவேன்.